டேபிள் கண்முன்னே இருக்கிறது, டேட்டாபேஸ் இல்லை என்கிறது: எஸ்க்யூஎல் பெயர்களில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும்

கேள்வி இதுதான்: "மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். விண்டோஸ் லேப்டாப்பில் மைஎஸ்க்யூஎல் வைத்து எழுதியது நன்றாக ஓடியது. லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் டேபிளே இல்லை என்கிறது. வெறுத்துப்போய் போஸ்ட்கிரெஸுக்கு மாற்றிப் பார்த்தோம். அங்கே ஒவ்வொரு பெயருக்கும் டபுள் கோட்ஸ் போட்டால்தான் வேலை செய்கிறது. எதைப் பின்பற்றுவது?"

தம்பி, உங்கள் டேபிள் எங்கேயும் போகவில்லை. நீங்கள் கூப்பிடும் பெயரும் உள்ளே பதிவாகியிருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் டேட்டாபேஸ் மென்பொருள்கள், எஸ்க்யூஎல் அவற்றிடம் பேசும் மொழி. மைஎஸ்க்யூஎல்லில் வந்த தொல்லைக்கும் போஸ்ட்கிரெஸில் வந்த தொல்லைக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் இரண்டுக்கும் மருந்து ஒன்றே: எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில் வையுங்கள், கோட்ஸ் போடாதீர்கள். ஏன் என்று தெரியாமல் செய்தால் மூன்று மாதத்தில் திரும்ப இதே இடத்துக்கு வருவீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் எழுத்தில் பெரியது சின்னது என்ற பேதம் கிடையாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். நான் டெய்லிரேட் என்று சேர்த்து எழுதினால், ஆங்கிலத்தில் டி-யும் ஆர்-உம் பெரிய எழுத்தாக எழுதிய பெயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டெய்லி_ரேட் என்று நடுவில் அண்டர்ஸ்கோர் போட்டு எழுதினால், எல்லாம் சின்ன எழுத்து.

ஊரில் ஒருவரைக் கருப்பசாமி என்று கூப்பிடலாம், கருப்பா என்று கூப்பிடலாம், திரும்பிப் பார்ப்பார். பத்திர ஆபீஸில் அப்படி நடக்காது. பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே அடையாள அட்டையிலும் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினால் பிழைத்திருத்தலுக்கு அலைய வேண்டும். எஸ்க்யூஎல்லில் கோட்ஸ் இல்லாமல் எழுதுகிற பெயர் ஊரில் கூப்பிடும் பெயர். டபுள் கோட்ஸுக்குள் எழுதுகிற பெயர் பத்திரத்தில் ஏறிய பெயர்.

எஸ்க்யூஎல் தரநிலை சொல்வதும் இதுதான். கோட்ஸ் இல்லாத பெயர் எப்படி எழுதியிருந்தாலும் அதை முழுக்கப் பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்ள வேண்டும். கோட்ஸுக்குள் இருப்பதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே வைக்க வேண்டும். இந்த மொழி 1970களில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பெரிய எழுத்திலேயே நிரல் எழுதிப் பழகிய காலம் அது. ஆரக்கிள், டிபி2, ஃபயர்பேர்ட் போன்ற டேட்டாபேஸ்கள் எல்லாம் இன்றும் இந்த விதிப்படிதான் நடக்கின்றன.

போஸ்ட்கிரெஸ் மட்டும் எதிர்த்திசையில் போனது. கோட்ஸ் இல்லாத பெயரை அது சின்ன எழுத்தாக மாற்றும். தரநிலைக்கு இது பொருந்தாது என்று அதன் ஆவணத்திலேயே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்பதால் எனக்கு இந்த முடிவு பிடிக்கும்.

சரி, போஸ்ட்கிரெஸில் உங்களுக்கு நடந்ததைப் பார்ப்போம். டெய்லிரேட் டேபிளை உருவாக்கியது நீங்கள் அல்ல, உங்கள் ஓஆர்எம், அதாவது நிரலுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நின்று எஸ்க்யூஎல்லைத் தானே எழுதிக்கொள்ளும் கருவி. சீக்வலைஸ், பிரிஸ்மா, டாட்நெட்டின் என்டிட்டி ஃப்ரேம்வொர்க் போன்றவை நிரலில் இருக்கும் கிளாஸ் பெயரை எடுத்து, டபுள் கோட்ஸ் போட்டு டேட்டாபேஸுக்கு அனுப்புகின்றன. போஸ்ட்கிரெஸை நிர்வகிக்கும் பிஜிஅட்மின் திரையில் மவுஸால் டேபிள் உருவாக்கினாலும் இதே கதைதான். நீங்கள் பெட்டியில் பெரிய எழுத்தைத் தட்டினால் அது பின்னால் கோட்ஸைப் போட்டுவிடும். ஆகவே பெயர் பெரிய டி, பெரிய ஆர் சகிதமாகப் பத்திரத்தில் ஏறிவிட்டது. அப்புறம் நீங்கள் கையால் ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதுகிறீர்கள், கோட்ஸ் இல்லாமல். போஸ்ட்கிரெஸ் அதைச் சின்ன எழுத்தாக்கித் தேடுகிறது. அந்தப் பெயரில் யாரும் இல்லை.

பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தால் துப்பு அதிலேயே இருக்கும். நீங்கள் பெரிய எழுத்து கலந்து எழுதியிருப்பீர்கள். செய்தியில் அதே பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில் இருக்கும். தான் எதைத் தேடினேன் என்று அது சொல்கிறது. டேபிள் இல்லை என்றால் பிழை எண் 42பி01, ஃபீல்டு இல்லை என்றால் 42703. ஃபீல்டு விஷயத்தில் 9.5 பதிப்பிலிருந்து "ஒருவேளை இதைச் சொல்ல வந்தீர்களோ" என்று சரியான பெயரைக் காட்டி ஒரு குறிப்பும் தருகிறது. அந்தக் குறிப்பைத் தாண்டிப் போய்க் கூகுளில் தேடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் அதைப் படியுங்கள்.

பிழை காட்டி நின்றுவிட்டால் அது நல்ல நாள். பிழையே வராமல் போவதுதான் ஆபத்து. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மதுரையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு வரவு ரசீது மென்பொருள் போட்டுக்கொடுத்தோம். ரசீது டேபிள் ஓஆர்எம் உருவாக்கியது, முதல் எழுத்து பெரியது. பழைய கணக்கை ஏற்றுவதற்கு நான் தனியாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அதன் தலையில், டேபிள் இல்லாவிட்டால் உருவாக்கு என்ற வரி, கோட்ஸ் இல்லாமல். போஸ்ட்கிரெஸ் பார்த்தது. சின்ன எழுத்தில் அப்படியொரு டேபிள் இல்லை. சத்தமில்லாமல் புதிதாக ஒன்றை உருவாக்கியது. மென்பொருள் ஒரு டேபிளில் எழுத, என் ஸ்கிரிப்ட் இன்னொரு டேபிளில் எழுத, மூன்று நாள் இப்படியே ஓடியது. பணம் கட்டிவிட்டுப் போன ஆட்களிடம் திரும்பப் பாக்கி கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் என்னிடம் சத்தம் போடவில்லை, பேரேட்டை என் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார். அன்று ராத்திரி முழுக்க ரசீதுக் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டி இரண்டு டேபிளையும் ஒன்றாக்கினேன். அந்த 'இல்லாவிட்டால் உருவாக்கு' வரியை அதற்கப்புறம் எந்த ஸ்கிரிப்டிலும் நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதியதில்லை.

இன்னொரு சத்தமில்லாத இடம், பதிலாக வரும் ஃபீல்டு பெயர். ஃபார்மர்ஐடி என்று கோட்ஸ் இல்லாமல் கேட்டால், முடிவில் வரும் பெயர் முழுக்கச் சின்ன எழுத்தாக இருக்கும். உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் பெரிய எழுத்து கலந்த பெயரைத் தேடும். ஜாவாஸ்கிரிப்டுக்கு எழுத்து பேதம் உண்டு. பிழை வராது, திரையில் விவசாயி பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். இதற்கு ஒரே ஒரு இடத்தில் மாற்றம் செய்யுங்கள்: டேட்டாபேஸிலிருந்து வரும் அண்டர்ஸ்கோர் பெயர்களை ஜாவாஸ்கிரிப்ட் பாணிக்கு மாற்றும் வேலையை நிரலின் வாசலில் வையுங்கள். ஒவ்வொரு குவெரியிலும் கோட்ஸ் போட்ட மறுபெயர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்போது மைஎஸ்க்யூஎல். இங்கே கோட்ஸுக்கும் எழுத்து பேதத்துக்கும் சம்பந்தமே இல்லை. இங்கே தீர்மானிப்பது அடியில் இருக்கும் ஃபைல் சிஸ்டம். மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாபேஸ் என்பது டிஸ்கில் ஒரு ஃபோல்டர், டேபிள் என்பது பொதுவாக அதற்குள் ஒரு ஃபைல். லினக்ஸில் பெரிய எழுத்து ஃபைலும் சின்ன எழுத்து ஃபைலும் வேறு வேறு. விண்டோஸில் சாதாரணமாக இரண்டும் ஒன்று. அதனால் லோயர் கேஸ் டேபிள் நேம்ஸ் என்றொரு அமைப்பு வைத்திருக்கிறார்கள். லினக்ஸில் அதன் இயல்பு மதிப்பு 0: எழுதியபடி வை, எழுதியபடி ஒப்பிடு. விண்டோஸில் 1: சின்ன எழுத்தாக்கி வை, சின்ன எழுத்தாக்கி ஒப்பிடு. மேக்கில் 2: எழுதியபடி வை, ஒப்பிடும்போது மட்டும் சின்ன எழுத்தாக்கு.

உங்கள் லேப்டாப்பில் மதிப்பு 1. டெய்லிரேட் என்று நீங்கள் உருவாக்கியது உள்ளே சின்ன எழுத்தாகப் போய் உட்கார்ந்துவிட்டது. நிரலில் பெரிய எழுத்தில் கூப்பிட்டாலும் வந்து நின்றது. அதை டம்ப் எடுத்தபோது (மொத்தத்தையும் ஒரு ஃபைலாக இறக்கியபோது) சின்ன எழுத்துப் பெயரோடுதான் வெளியே வந்தது. லினக்ஸில் ஏற்றினீர்கள், சின்ன எழுத்து டேபிள் உருவானது. நிரல் இன்னும் பெரிய எழுத்தில் கூப்பிடுகிறது. 1146 என்று பிழை.

லினக்ஸிலும் அந்த மதிப்பை 1 ஆக்கிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். முடியும், ஆனால் 8.0 பதிப்பிலிருந்து சர்வரை முதன்முதலில் தயார்செய்யும் நேரத்தில் மட்டும்தான் முடியும். பின்னால் மாற்றினால் சர்வர் எழுந்திருக்கவே மறுக்கும். உபுண்டுவில் பேக்கேஜை நிறுவும்போதே இந்தத் தயாரிப்பு முடிந்துவிடுகிறது. எனவே டேட்டா ஃபோல்டரைக் காலிசெய்துவிட்டு, கான்ஃபிக் ஃபைலில் மதிப்பைப் போட்டு, மறுபடி தயார்செய்ய வேண்டியிருக்கும். ஏற்கெனவே நிரல் பெருத்துப்போய்த் திருத்தவே வழியில்லை என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். விண்டோஸில் 0 போட்டுப் பார்க்கும் விஷப்பரீட்சை வேண்டாம். நிரலைத் திருத்துவதுதான் நிரந்தரத் தீர்வு. டேபிள் பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்தில் இருந்தால் 0, 1, 2 எதுவானாலும் ஒரே மாதிரி ஓடும்.

மைஎஸ்க்யூஎல்லில் இன்னும் இரண்டு கண்ணிகள். ஃபீல்டு பெயருக்கும் இண்டெக்ஸ் பெயருக்கும் எந்த இயங்குதளத்திலும் எழுத்து பேதம் கிடையாது. ஆனால் டேபிளுக்குக் குவெரிக்குள் நீங்கள் கொடுக்கும் சுருக்கப்பெயருக்கு லினக்ஸில் உண்டு. பெரிய எஃப் என்று வைத்துவிட்டுச் சின்ன எஃப் என்று கூப்பிட்டால் திட்டும். இரண்டாவது, டபுள் கோட்ஸ். இயல்பான அமைப்பில் மைஎஸ்க்யூஎல் அதைப் பெயராகப் பார்க்காது, சாதாரண எழுத்துச் சரமாகத்தான் பார்க்கும். பெயருக்கு அங்கே பேக்டிக் (`) என்ற குறி போட வேண்டும். போஸ்ட்கிரெஸுக்காக எழுதிய குவெரியை அப்படியே கொண்டுபோய் ஒட்டினால், "ஸ்டேட்டஸ்" என்ற ஃபீல்டை ஒப்பிடுவதற்குப் பதில் ஸ்டேட்டஸ் என்ற வார்த்தையையே ஒப்பிடும். பிழை வராது, பதிலாக ஒரு வரிசைகூட வராது. எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸிலும் இதன் தம்பி ஒருவன் இருக்கிறான்: கோட்ஸுக்குள் இருக்கும் பெயரில் ஃபீல்டு இல்லையென்றால், வழக்கமான அமைப்பில் அதை எழுத்துச் சரமாக எடுத்துக்கொள்வான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஸ்க்யூலைட்டில் டேபிள், ஃபீல்டு பெயர்களுக்கு எழுத்து பேதம் இல்லை, கோட்ஸ் போட்டாலும் இல்லை. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் அந்த டேட்டாபேஸின் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) தீர்மானிக்கும். கொலேஷன் பெயரில் சிஐ என்று இருந்தால் பேதம் பார்க்காது, சிஎஸ் என்று இருந்தால் பார்க்கும். சதுர அடைப்பு போடுவதால் இதில் மாற்றம் இல்லை. உங்கள் மெஷினில் சிஐ, வாடிக்கையாளர் மெஷினில் சிஎஸ் என்று இருந்தால் போட்ட அன்றே உடையும். ஆரக்கிளில் எல்லாம் பெரிய எழுத்து. டேபிள் பட்டியலில் தேடும்போதுகூடப் பெயரைப் பெரிய எழுத்தில் கொடுத்தால்தான் கிடைக்கும். ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றும்போது பெயர்களைப் பெரிய எழுத்திலேயே கோட்ஸ் போட்டுக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கோட்ஸ்தான். மாற்றும் கருவியில் அதற்கான அமைப்பை முதலிலேயே பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து வர உதவும் பிஜிலோடர் இயல்பாகவே சின்ன எழுத்தாக்கிவிடும், அது நல்ல குணம்.

இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டேபிளுக்குள் இருக்கும் தகவலில் எழுத்து பேதம் என்பது தனி விஷயம். மைஎஸ்க்யூஎல் 8.0-வின் இயல்புக் கொலேஷனில், கண்ணன் என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து எப்படிக் கலந்து தேடினாலும் கிடைக்கும். போஸ்ட்கிரெஸில் சாதாரணமாகக் கிடைக்காது. அதற்கு மருந்து வேறு. பெயர்களைச் சரிசெய்தால் அது சரியாகாது.

இனி உங்கள் டேட்டாபேஸைத் துப்புரவு செய்யும் முறை. போஸ்ட்கிரெஸுக்குப் போவது என்று முடிவெடுத்திருந்தால் (போகலாம் என்பது என் கருத்து) இப்போதே செய்துவிடுங்கள். இப்போது உங்களிடம் நாற்பது டேபிள் இருக்கிறதா, இன்னும் கொஞ்ச நாளில் நூறு இருக்கும்.

முதலில், டேட்டாபேஸ் தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் டேபிள் பட்டியலையும் ஃபீல்டு பட்டியலையும் எடுங்கள். பெயரும், லோயர் ஃபங்ஷனில் போட்ட அதே பெயரும் எங்கெல்லாம் மாறுபடுகின்றனவோ அவைதான் குற்றவாளிகள். உடனே மாற்ற ஆரம்பித்துவிடாதீர்கள். சின்ன எழுத்தாக்கிய பெயரால் குழு பிரித்து, ஒரே குழுவில் இரண்டு பெயர் விழுகிறதா என்று பாருங்கள். எனக்கு நடந்ததுபோல் இரட்டை டேபிள் ஏதாவது ஒளிந்திருந்தால் இங்கேதான் அகப்படும். அப்படி இருந்தால் முதலில் அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டு மேலே போங்கள்.

வெறுமனே சின்ன எழுத்தாக்கினால் டெய்லிரேட் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு படிக்கக் கஷ்டமாகும். ஆகவே டெய்லி_ரேட் என்று பிரித்தே பெயர் மாற்றுங்கள். ஒவ்வொரு டேபிளுக்கும் கையால் எழுதாமல், மாற்றும் கட்டளைகளை ஒரு குவெரியே எழுதித் தரும்படி செய்யுங்கள். அப்போது பெயரை வெறுமனே ஒட்டாமல், ஃபார்மேட் ஃபங்ஷனில் சதவீதக் குறிக்குப் பின்னால் பெரிய ஐ போட்டால், எங்கே கோட்ஸ் வேண்டுமோ அங்கே மட்டும் தானே போட்டுக்கொள்ளும். ஆர்டர், யூசர் போன்ற ஒதுக்கப்பட்ட சொற்களையும் அது கவனித்துக்கொள்ளும். டேபிளுக்கு அந்த மாதிரிப் பெயர் வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

போஸ்ட்கிரெஸில் பெயர் மாற்றும் கட்டளைகளையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள் வைக்கலாம் என்பது பெரிய வசதி. எல்லாவற்றையும் மாற்றி, சோதித்து, ஒன்று சரியில்லை என்றாலும் மொத்தமாகத் திரும்பிவிடலாம். மைஎஸ்க்யூஎல்லில் இந்த வசதி இல்லை, ஒவ்வொரு கட்டளையும் அங்கங்கே உறுதியாகிவிடும். பூ மார்க்கெட் அதிகாலையில் சூடுபிடிக்கும், முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். பின்மதியத்தில், அடுத்த நாள் முகூர்த்தம் இல்லாத தேதியாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வியூக்கள் (டேபிள் போலக் காட்டும்படி சேமித்து வைத்த குவெரிகள்) உடையாது. போஸ்ட்கிரெஸ் அவற்றை டேபிளின் உள் எண்ணோடு இணைத்து வைத்திருப்பதால் பெயர் மாறினாலும் தொடர்ந்து ஓடும். ஆனால் போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே ஓடும் பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் மொழியில் எழுதிய ஃபங்ஷன்களின் உடல் வெறும் எழுத்தாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. பழைய பெயரை அவை பிடித்துக்கொண்டிருக்கும், ஓடும் நேரத்தில்தான் தெரியும். எல்லா ஃபங்ஷன்களையும் ஃபைலில் இறக்கி, பழைய பெயர்களைத் தேடித் திருத்துங்கள். நிரலை ஒரே நாளில் மாற்ற முடியாவிட்டால், பழைய பெரிய எழுத்துப் பெயரில் கோட்ஸ் போட்டு ஒரு வியூ உருவாக்கிப் புதிய டேபிளைக் காட்டச் சொல்லலாம். 9.3 பதிப்பிலிருந்து எளிய வியூக்களில் எழுதவும் முடியும் என்பதால் பழைய நிரல் தெரியாமலே ஓடும். வேலை முடிந்ததும் அந்த வியூவை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

அப்புறம் ஓஆர்எம்மின் வாயைக் கட்டுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்த டேபிளை மறுபடி பெரிய எழுத்தில்தான் பெற்றெடுக்கும். சீக்வலைஸில் அண்டர்ஸ்கோர்டு என்ற அமைப்பு ஃபீல்டு பெயர்களைப் பார்த்துக்கொள்ளும், டேபிள் பெயரை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிரிஸ்மாவில் மேப் என்று ஒவ்வொரு மாடலுக்கும் சொல்ல வேண்டும். டாட்நெட்டில் ஸ்நேக் கேஸ் (சின்ன எழுத்து, நடுவில் அண்டர்ஸ்கோர்) பெயரிடலுக்குத் தனி பேக்கேஜ் உண்டு. ஸ்பிரிங் பூட் இயல்பாகவே மாற்றிவிடும். ஜாங்கோவும் சின்ன எழுத்தில்தான் டேபிள் உருவாக்கும். அடுத்து, உங்கள் லேப்டாப்பில் டாக்கர் போட்டு, சர்வரில் ஓடும் அதே பதிப்பை லினக்ஸில் ஓட்டி அதன்மேல் எழுதுங்கள். விண்டோஸ் மறைத்து வைத்த பிழை அன்றைக்கே வெளியே வரும்.

உங்களுடன் வேலை செய்கிறவர் ஒரு துணைக்கேள்வி கேட்டிருந்தார்: தமிழுக்குத்தான் பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லையே, டேபிள் பெயரைத் தமிழிலேயே வைத்துவிட்டால் தொல்லை தீராதா? எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. வைக்கலாம். போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் விவசாயி என்று கோட்ஸ் இல்லாமலே பெயர் வைக்க முடியும், எழுத்து பேதத் தொல்லையும் வராது. ஆனால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் பெயரின் நீளம் 63 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனிக் கணக்கு. அதாவது 21 குறியீடுதான். வாடிக்கையாளர் என்ற சொல்லே 13 குறியீடு, 39 பைட் ஆகிவிடும். மிஞ்சினால் ஒரு சின்ன அறிவிப்போடு வாலை வெட்டிவிடும். மைஎஸ்க்யூஎல்லில் எல்லை 64 எழுத்துக் குறியீடு, பைட் கணக்கு இல்லை.

இரண்டாவது, கண்ணுக்கே தெரியாதது. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகத் தரலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. டேட்டாபேஸுக்கு வேறு வேறு பெயர். கொள்முதல் என்ற டேபிளை ஒருவர் ஒரு விசைப்பலகையில் உருவாக்கி, இன்னொருவர் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஃபைலிலிருந்து ஒட்டினால், டேபிள் இல்லை என்ற அதே பிழை வந்து நிற்கும். இந்த முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. போஸ்ட்கிரெஸ் 13இல் வந்த நார்மலைஸ் ஃபங்ஷன் இரண்டு விதத்தையும் ஒரே விதமாக்கித் தருவதால் இதற்கு உதவும். டேபிள் பட்டியலிலிருந்து பெயர்களை எடுத்து, பெயரும் நார்மலைஸ் செய்த பெயரும் மாறுபடுகின்றனவா என்று ஒரு குவெரி போடுங்கள். ஒரு வரிசை வந்தாலும், நார்மலைஸ் ஃபங்ஷன் தரும் பெயரையே டேபிளுக்குப் பெயராக மாற்றிவிடுங்கள்.